ரேடியேற்றருக்குள் நான் ஊற்றியவை

தம்பி,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று யோசிக்காதே. இது உன் அப்பாவின் கை. அம்மா எழுதிக் கீழே நான் ஒப்பம் வைத்த கடிதம் அல்ல. முதற் சொல்லில் இருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் நானே எழுதுகிறேன். பேனையை மண்வெட்டிப்பிடி மாதிரிப் பிடிக்கிறேன் என்று அம்மா சிரிக்கிறார். பிடித்தால் என்ன, எழுத்து வருகிறதே! ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போகும். பின்னேரம் மாட்டைக் கட்டிவிட்டு வந்து வேப்பமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்தால், வெளிச்சம் மங்கும்வரை எழுதலாம். முதலில் கிறுக்கியதைத் திருத்தித் திருத்தி எழுதுகிறேன், இன்றோடு பதினெட்டுப் பின்னேரம். இதைப் பெரிய காரியமாக ஏன் அப்பா சொல்கிறார் என்று நீ நினைப்பாய். போன வருடம் வரைக்கும் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, தம்பி. என் பெயரை மட்டும் ஒரு படம் கீறுவது போலக் கீறப் பழகி வைத்திருந்தேன். இது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். உனக்குத் தெரியாது.

நீ சின்னப் பிள்ளையாகக் கொப்பியைக் கொண்டு வந்து நீட்டும்போது, "கண்ணாடியைக் காணேல்லை, அம்மாட்டைக் காட்டு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எனக்குக் கண்ணாடியே இருந்ததில்லை. என் அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து, குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்து இங்கே வந்தபோது எனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் ஆறு கட்டை தூரம், மாடுகள் வாசலிலேயே நின்றன. நான் மாடுகளோடு போனேன். பிறகு வயது ஏற ஏற, தெரியாது என்று சொல்வதற்கான காலம் கடந்துபோய்விட்டது. சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமில் நாங்கள் இருந்த நாட்களில் என் வலது கையில் ஒரு துணி சுற்றியிருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? கையில் காயம் என்று எல்லோருக்கும் சொன்னேன். காயம் ஒன்றும் இல்லை. எந்த வரிசைக்குப் போனாலும் ஒரு படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். துணி சுற்றிய கையைக் கண்டால் பக்கத்தில் நிற்கிறவர் வாங்கி நிரப்பித் தருவார். கம்பிவேலி எல்லோருக்கும் ஒன்றுதான் இருந்தது. எனக்கு அதற்குள்ளே இன்னொரு வேலியும் இருந்தது.

அந்த வேலியை அம்மாவின் கண் உடைத்தது. அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, மருந்துத் துண்டு வாசிக்க முடியாமற் போனதும் ஒரு நாள் குசினியில் இருந்து கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, நாப்பது வருசம் நான் வாசிச்சன். இனி நீங்கள் வாசியுங்கோ." நான் கிழவன், இனி என்னத்தைப் படிக்கிறது என்றேன். "கிழவனுக்குத்தானே நேரம் இருக்கு" என்றார். சீனி, உப்பு, மிளகு என்று குசினி ரின்களில் அடுப்புக்கரியால் பெரிதாக எழுதி, அதிலிருந்துதான் தொடங்கினோம். ஒரு வருடம் எடுத்தது. இப்போது நான் சவர்க்காரம் சுற்றிய கடதாசியையும் விடுவதில்லை. சந்தியில் நாங்கள் எல்லோரும் மூலைக்கடை என்று சொல்கிற கடைக்குப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது, தெரியுமா? கண்டுபிடித்த சந்தோஷத்தில் உள்ளே போய்க் கடைக்காரரிடமே சொன்னேன். "அது என்ரை கடை ஐயா, எனக்குத் தெரியாதோ?" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். ஆனால் எழுத வந்த விஷயம் சந்தோஷமானது அல்ல. அது நம் காரைப் பற்றியது.

மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீ வவுனியாவில் இருந்து வந்து, கலியாணத்துக்கு முன் ஒருக்கால் ஓடிப் பார்ப்போம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் புறப்பட்டாய். அங்கே பெண் வீட்டிலிருந்து நம் தர்மபுரம் வரைக்கும் அவளை அந்தக் காரில்தான் கூட்டி வருவேன் என்பது உன் பிடிவாதம். பெரிய மாமா யாழ்ப்பாணத்தில் இருந்து தந்த அந்தப் பழைய ஒஸ்ரின் கார், தகரக் கொட்டிலுக்குள் ஆறு வருடம் கோழி முட்டையிடக் கிடந்தது. நீ சம்பளத்தில் மிச்சம் பிடித்து, எஞ்சின் இடுக்கில் வைக்கிற ஹெட் கஸ்கற் மாற்றி, தண்ணீரை ஆற்றுகிற ரேடியேற்றர் மாற்றி, கதிரைகளுக்குப் புது உறையும் போட்டாய். என் பக்கத்துக் கதவின் உள்கைபிடி மட்டும் கிடைக்கவில்லை. அது உள்ளே இருந்து திறக்காது, வெளியே நின்று யாராவது திறந்துவிட வேண்டும். விசுவமடுவைத் தாண்டும் வரைக்கும் கார் நல்ல பிள்ளை. அதன் பிறகு சூடு காட்டும் முள் மெல்ல மெல்லப் படுக்கை விட்டு எழும்பத் தொடங்கியது. நீ பார்க்கும் முன்பே நான் பார்த்துவிட்டேன். வீட்டில் இருந்து புறப்பட்ட நேரம் தொடக்கம் நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடையார்கட்டை நெருங்கும்போது முன்னால் ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. நீ ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினாய்.

நான் இறங்கவில்லை. நடுவில் கியர்த்தடி, எனக்கு முழங்கால் மடங்காது, உன் பக்கம் லொறிகள் உரசிக்கொண்டு போகின்றன. என் பக்கக் கதவைத் திறந்துவிடு என்று உன்னிடம் ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் நீ வந்து குனிந்து என் முகத்தைப் பார்ப்பாய். அதனால் சொல்லவில்லை. உச்சி வெயில். இரண்டு விரல் அளவுக்கு மேல் இறங்காத கண்ணாடிக்குள்ளால் அனல் வந்தது. புது உறை முதுகில் ஒட்டியது. நீ வெளியே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்ததை நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாகப் பார்த்தாய்! உடனே மூடியைத் திறக்கவில்லை, ஆறவிட்டாய். காற்றாடியைச் சுற்றுகிற பான் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினாய், தொய்வு இல்லை. தண்ணீர் ஹோஸ்களைப் பிசைந்து பார்த்தாய், உள்ளே ஒட்டவில்லை. ரேடியேற்றரின் மேலிருந்து கீழாக உள்ளங்கையை வைத்துக்கொண்டு போனாய், அடைத்த இடம் குளிர்ந்திருக்கும் என்று. புது ரேடியேற்றர், எங்கும் ஒரே சூடு. எண்ணெய்க் கம்பியை உருவித் தண்ணீர் கலந்த பால் நிறம் இருக்கிறதா என்று பார்த்தாய், இல்லை. ஆறியதும் மூடியைத் திறந்து தண்ணீர் விட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தாய். அதுவும் இல்லை. தேர்மோஸ்ரற்றை முதல் நாளே அம்மாவின் பால்சட்டியில் போட்டு அவித்து, சூட்டுக்கு அது வாய் திறக்கிறதை எனக்குக் காட்டியிருந்தாய். "கறிக்கு உப்புக் காணுமோ எண்டு பார் தம்பி" என்று அம்மா பகிடி பண்ணினாரே.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கார் கொதித்தது. நீ கையைத் துடைத்துக்கொண்டு என் கண்ணாடிப் பக்கம் வந்தாய்.

"அப்பா, முந்தி ஓடின காலத்திலை இதுக்குள்ளை ஏதும் ஊத்தினீங்களோ?"

"தண்ணிதான். வேறை என்னத்தை ஊத்துறது?"

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தண்ணிதான் எண்டு சொல்லுறன்."

நீ நம்பினாய். என்னை நம்புவதில் உனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. நீ திரும்பிப் போய்ப் பொனற்றுக்குள் தலையை விட்டாய். நான் திறக்காத கதவோடு அதற்குள் இருந்தேன். இதே கேள்வியை இதே காரைப் பற்றி ஆறு வருடத்துக்கு முன் இன்னொருவர் என்னிடம் கேட்டார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். அவர் யார் என்று உனக்குத் தெரியும். ஹனீபா.

முல்லைத்தீவில் பிறந்து, சிறு வயதில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து தொழில் பழகி, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். வாகனம் அதிகம் போகிற தெரு என்று நம் சந்தியில் நாலு தகரம் அடித்துக் கராஜ் போட்டார். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே கிடந்தாய். "ஹனீபா நானா இப்பிடிச் சொன்னவர், ஹனீபா நானா அப்பிடிச் செய்தவர்" என்று, அண்ணனை அவர்கள் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டு, சோற்றுக்கு முன்னாலும் அவர் கதைதான். ரேடியேற்றரில் கையை வைத்துச் சூடு பார்க்க உனக்குப் பழக்கியவர் அவர். எனக்கு அவர் முதலில் சொன்ன புத்தி தண்ணீரைப் பற்றியது. "அண்ணை, உங்கடை கிணத்துத் தண்ணி குடிக்க நல்லம். கேத்திலுக்குள்ளை பாருங்கோ, எப்பிடி வெள்ளையாப் படிஞ்சிருக்கு. காருக்குள்ளையும் அப்பிடித்தான் படியும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்துங்கோ." நான் சிரித்தேன். இந்தத் தண்ணீரில்தானே நெல்லே விளைகிறது, கார் என்ன பெரிய ஆளா என்று கேட்டேன். மழைத்தண்ணீர் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். அவர் சொன்னபடியே கார் சூடேறத் தொடங்கியது. அவரிடம் போனால், நான் சொன்னேனே என்பார். அதற்குப் பயந்து கிளிநொச்சிக்குப் போய் ஒரு கடையில், உள்ளே படிந்ததைக் கழற்றுகிற மருந்து என்று ஒரு ரின் வாங்கி வந்தேன். கடைக்காரர், எப்படிப் பாவிப்பது என்று ரின்னிலேயே எழுதியிருக்கிறது என்றார். ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லை. சின்னம்மாவோடு வவுனியா ஆஸ்பத்திரியில் நின்றார். நீ உன் அறையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். தம்பி, நான் அந்த ரின்னைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் நீ பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கேள்வி. வாய் வரைக்கும் வந்தது. கண்ணாடியைக் காணவில்லை என்ற பொய்கூடத் தயாராக இருந்தது. ஆனால் நீ படித்த பிள்ளை, வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். திரும்பிப் போய் முழு ரின்னையும் ரேடியேற்றருக்குள் கவிழ்த்தேன். மருந்துதானே, கிடந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், உள்ளேயே விட்டுக் காரை ஓட்டினேன்.

ஒரு கிழமையில் ரேடியேற்றர் அடிப்பக்கத்தால் கசியத் தொடங்கியது. அதையும் யாருக்கும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து லொறிக்காரர் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தேன். குசினியில் இருந்து மஞ்சள் தூளை எடுத்து, மூன்று கரண்டி கரைத்து ஊற்றினேன். கசிவு நின்றது. இரண்டு நாளில் திரும்பவும் வந்தது. இன்னும் மூன்று கரண்டி. அம்மா வந்து மஞ்சள் ரின்னைத் திறந்துவிட்டு, "நான் இல்லாத நேரத்திலை என்ன, கோயில் திருவிழாவுக்கோ சமைச்சனீங்கள்?" என்று கேட்டார். அதன் பிறகு வேறு வழியில்லாமல் ஹனீபாவிடம் கொண்டுபோனேன். அவர் ரேடியேற்றரைக் கழற்றி மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்குள்ளை ஏதும் ஊத்தினீங்களோ? சொன்னீங்கள் எண்டா வேலை சுகம்."

"தண்ணிதான்."

நோயாளி பொய் சொன்னால் வைத்தியன் என்ன செய்வான்? அவர் கண்ணுக்குத் தெரிந்த பழுதைப் பார்த்தார். ரேடியேற்றரைக் கழுவி, ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் உன்னையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வழியில் கார் கொதித்து, கஸ்கற் போய், எஞ்சின் நின்றது. உழவு மெசினில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தெரு நீளத்துக்கும் சனம் பார்த்துச் சிரிக்க, நீ ஸ்ரியரிங்கைப் பிடிக்க, நான் அந்தத் திறக்காத கதவுக்குப் பக்கத்தில் இருந்து வந்தேன். சந்திக்கு வந்து இறக்கிவிட்டதும் எனக்குள்ளே கொதித்தது எல்லாம் வாயால் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னால், "காசை வாங்கிக்கொண்டு என்ரை காரை நாசமாக்கிப்போட்டான்" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ ஒருவன், "இவங்கள் இப்பிடித்தான். வந்து கொஞ்சநாள் ஆகேல்லை, அதுக்கிடையிலை" என்றான். என் வழக்கு காரைப் பற்றியது, அவருடைய ஆட்களைப் பற்றியது அல்ல. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்குச் சாதகமாக இருந்தபடியால் வாயை மூடிக்கொண்டேன். என் பக்கத்தில் நின்ற நீ முன்னுக்குப் போய், "நானா, இனி எங்கடை வீட்டுப் பக்கம் வராதேங்கோ" என்றாய். அது உன் பிழை அல்ல. நீ உன் அப்பாவுக்காகப் பேசினாய். மூன்று மாதத்தில் அந்தத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு அவர் முல்லைத்தீவுக்கே போய்விட்டார்.

அவருடைய வேலையும் பிழைத்திருக்கலாம், எல்லாமே என் பிழையாக இருக்க முடியாது என்று ஆறு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். அப்படிச் சொல்ல வசதியாக எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்தது. உடையார்கட்டில் கார் நின்று, நாங்கள் ஆறவிட்டு ஆறவிட்டு வீடு திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, வேலிக்கு ஆணி தேடிக் கொட்டிலுக்குள் போனேன். ஆணி கிடந்தது அந்த ரின்னுக்குள். கையில் எடுத்தபோது, சிங்களத்துக்குக் கீழே தமிழ் எழுத்து இருப்பதைக் கண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். எழுத்தைக் கண்டால் இப்போது என்னால் விட முடியாதே! ஆணியைக் கொட்டிவிட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, துருவைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு முழுவதையும் வெளியேற்றவும். இரண்டு முறை சுத்தமான நீரால் கழுவவும். உள்ளே தங்கவிடக் கூடாது.

பத்து நிமிடம். நான் ஒரு கிழமை விட்டிருக்கிறேன். அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துவிட்டேன் என்றுதான் அவர் முதலில் கைதட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். அவர் ரின்னை வாங்கித் தடவிப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாதெண்டதை நானும் சேர்ந்துதான் மறைச்சனான். அதிலை எனக்கும் பங்கு இருக்கு. ஆனா அந்த மனுசனைச் சந்தியிலை வைச்சு ஏசினது, அது உங்கடை மட்டும்" என்றார்.

வியாழக்கிழமை முல்லைத்தீவு பஸ் ஏறினேன். பலகையை நானே வாசித்து ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. ஹனீபா கடற்கரைத் தெருவில் ஒரு கொட்டிலில் முச்சக்கரவண்டி திருத்திக்கொண்டு இருந்தார். தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை, இருங்கோ என்றும் சொல்லவில்லை. நான் ரின்னை அவருக்கு முன்னால் வைத்து, அதில் இருப்பதை வாசித்தேன். இரண்டு இடத்தில் தடக்கினேன். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று சொன்னேன். வாசிக்கவே தெரியாது என்றும் சொன்னேன். மஞ்சளையும் சொன்னேன்.

"எத்தினை கரண்டி?" என்றார்.

"ஆறு."

"ஆறோ!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அண்ணை, ஆறு கரண்டி மஞ்சளிலை ஒரு கலியாணவீட்டுக்குச் சமைக்கலாம்." பிறகு தொழில்காரனாக மாறிவிட்டார். எது எது மாற்றினது, எத்தனை மைல் ஓடினால் முள் எழும்புகிறது, மெதுவாகப் போனால் எப்படி, வேகமாகப் போனால் எப்படி என்று எல்லாம் கேட்டார். நீ பார்த்த ஒவ்வொன்றையும் சொன்னேன். "தம்பி வடிவாத்தான் பாத்திருக்கிறார். அவர் பாத்ததெல்லாம் முன்பக்கம். மருந்திலை கழண்ட சுண்ணாம்பும் உங்கடை மஞ்சளும் சேந்து எஞ்சினுக்குள்ளை பின்பக்கம் அடியிலை போய்ப் படுத்திருக்கும். ரேடியேற்றரை நூறு தரம் மாத்தினாலும் அது எழும்பாது. எஞ்சின்ரை பக்கத்திலை, பின்னுக்கு, ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கு. ஆறின நேரத்திலை அதைத் திறந்து பாருங்கோ. தண்ணி வந்தா நான் சொன்னது பிழை."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் இஞ்சை வந்து எனக்குச் சொல்லுறது சரி. எனக்கு அது முந்தியே தெரியும், நான் பிழை செய்யேல்லை எண்டு. தெரியாதது சந்தியிலை நிண்ட சனத்துக்கு. கத்தினது சந்தியிலைதானே? அங்கை வந்து சொல்லுங்கோ."

நான் ரின்னை எடுத்துக்கொண்டு எழும்பினேன். உன் கலியாணத்துக்கு வாருங்கோ என்றேன். "பாப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, கார் குளிர்ந்து கிடந்த நேரத்தில், அந்தக் குழாயைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். ஒரு துளி வரவில்லை. சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் மண் மாதிரி வந்தது, பிறகு குழம்பு மாதிரி, மஞ்சளாக. ஆறு வருடம் கழித்தும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, தம்பி. ஒரு சிரட்டையில் பிடித்துக் கொட்டிலில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். நான் முழுவதையும் கழுவவில்லை. நீ வந்து உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விட்டிருக்கிறேன். செய்யும் முறையையும் ஹனீபா சொல்லித் தந்தார். தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, மேலேயிருந்து குழாய்த் தண்ணீரைப் பலமாக அடித்துக்கொண்டு, கீழே கம்பியால் கிளறிக்கொண்டே இரு. தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதே. தெளிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, இன்னொரு தரம் செய். மழைத்தண்ணீர் இரண்டு பீப்பா பிடித்து வைத்திருக்கிறேன்.

புத்திமதி என்று உனக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நீ கலியாணம் கட்டப்போகிறவன். உன் கையால் நீ எதை ஊற்றினாய் என்று அவள் கேட்கும்போது சொல்லிவிடு. கேட்கும் முன்பே சொன்னால் இன்னும் நல்லது. தெரியாததைத் தெரியாது என்று அவளுக்கு முன்னால் சொல்லப் பழகிக்கொள். நான் உன் அம்மாவுக்கு முன்னால் மட்டும் சொல்லி, உலகத்துக்கு முன்னால் மறைத்தேன். அதற்கு என்ன விலை போனது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதியிருக்கிறேன். விலை கொடுத்தது நான்கூட இல்லை.

இனி நான் செய்யப்போவது. வாற ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தை கூடுகிற நேரம், மூலைக்கடைக்கு முன்னால் நின்று இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறேன். இந்தப் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும். உன் மாமனாரின் தமையன் அந்தச் சந்தியில்தான் வியாபாரம் செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தகப்பன் எழுத்து வாசனை இல்லாதவன், பொய்யன் என்று கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஊர் கதைக்கும். அதனால்தான் முதலில் உனக்கு அனுப்புகிறேன். கூட்டத்துக்குள் நின்று நீ இதைக் கேட்கக் கூடாது. கலியாணம் முடியட்டும் அப்பா, பிறகு வாசியுங்கோ என்று நீ சொல்லலாம். சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் அப்படிச் சொல்லாதே. பின்போட ஒரு சாட்டுக் கிடைத்தால் நான் எடுத்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும். ஹனீபாவுக்கும் நாளைக் குறிப்பிட்டு ஒரு துண்டு எழுதிப் போட்டிருக்கிறேன். வருவாரோ தெரியாது. அம்மாவுக்கு முன்னால் பதினொரு தரம் வாசித்துப் பழகிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒருவன் சொன்ன சொல் வருகிற இடத்தில் மட்டும் இன்னும் தடக்குகிறது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமை வந்து காரைக் கழுவி முடி. சந்திக்கு நடந்தே போகலாம், அரைக் கட்டைதான். ஆனால் அந்தச் சந்திக்குக் கடைசியாக அந்தக் கார் கயிற்றில் இழுபட்டு வந்தது. இந்தத் தரம் தன் பாட்டில் ஓடி வரட்டும். நான் என் பக்கத்திலேயே இருந்து வருகிறேன். மூலைக்கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நீ இறங்கிச் சுற்றி வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்துவிடு.

அப்பா